ஐந்தாவது மனு

‘கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க’ என்ற மூன்று சொற்களை வாழ்நாளில் ஒருமுறைகூட வாயால் சொல்லாத மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். கோட்ட ரயில்வே அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், படியேறியதும் இடப்பக்க அறையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இந்தச் செய்தியை உலகத்துக்குத் தெரிவித்தவரும் அவரேதான் என்பதால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் ஸ்கேல். தன் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஸ்கேல் வைத்துத்தான் கோடு போடுவார். வெறும் கையால் நேராகப் போட அவருக்கு வரும். ஆனால் கோட்டுக்குக்கூட சலுகை காட்டக் கூடாது என்பது கொள்கை. இன்னொரு காரணம் அவருடைய முதுகு. நாற்காலி இருந்தும் சாய மாட்டார். பேனா கீழே விழுந்தால் காலால் தள்ளிச் சுவரோரம் கொண்டுபோய், பிறகு முழங்காலை மடக்கி நேராக இறங்கி எடுப்பார். ஒரு கல்யாணப் பேச்சின்போது பெண்ணின் அப்பாவிடம் ‘கொஞ்சம் யோசிச்சு நல்ல பதிலா சொல்லுங்க’ என்று கேட்க மறுத்ததால்தான் அந்த இடம் தட்டிப்போனது என்று கேண்டீனில் சொல்வார்கள். அவர் அதை மறுத்ததில்லை.

வேலை என்னவோ சின்னதுதான். தினமும் மாலை ஏழு பத்துக்குக் கிளம்பும் ரயில் மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய்ச் சேரும் ஊரில் பெரிய புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அந்த ரயிலில் நான்கு படுக்கைகள், புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகும் ரயில்வே ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் என்று ஒதுக்கப்பட்டவை. ஊழியர் கையெழுத்துப் போட்ட மனு, மருத்துவமனைச் சீட்டின் நகல், டிக்கெட்டின் நகல், மூன்றையும் பின் குத்தி பகல் பன்னிரண்டு மணிக்குள் ஸ்கேலின் மேசையில் உள்ள மரத் தட்டில் வைக்க வேண்டும். வந்த நேரத்தை மூலையில் குறித்து, யார் முதலில் யார் பின்னால் என்று அடுக்குவது அவர் பொறுப்பு. பக்கத்து மேசை டைப்பிஸ்ட் அதைப் பட்டியலாக அடித்து மூன்றாம் மாடிக்கு அனுப்புவார். அதிகாரி கையெழுத்துப் போடுவார். நான்கு பேர் தேறாவிட்டால் மிச்சப் படுக்கை பொது அவசர ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். பொது அவசரம் என்பது பெரும்பாலும் அதிகாரிகளின் மைத்துனர்களுக்கு வருவது.

“பன்னெண்டு ஒண்ணுக்கு வந்தா அது நாளைக்கி மனு. நான் செத்தே கெடந்தாலும் பன்னெண்டுக்கு லிஸ்ட் மேல போயிடணும் மேடம். என்னைத் தாண்டிக் குதிச்சிப் போய்க் குடுங்க” என்று ஸ்கேல் டைப்பிஸ்டிடம் சொல்லிவைத்திருந்தார்.

“மாலை போட்டுட்டுப் போகவா, வந்து போடவா சார்?” என்று கேட்டார் டைப்பிஸ்ட். இருபது வருடமாக அதே அறையில் இருப்பவர். ஸ்கேலின் நேர்மையை அவர் மின்விசிறிச் சத்தத்தைப் போல ஏற்றுக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்கு டீ. அப்போது கேண்டீனில் ஸ்கேலின் கச்சேரி நடக்கும். குனியாத மனிதர் குனிந்து காட்டும் ஒரே இடம் அதுதான். மனு கொடுக்க வருகிறவர்கள் எப்படி வளைகிறார்கள் என்பதில் அவர் ஆராய்ச்சியே செய்திருந்தார். தெரிந்தவர் என்றால் பதினைந்து டிகிரி. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் முப்பது. யாரையும் தெரியாமல், கையில் எக்ஸ்ரே உறையோடு வருகிறவர் நாற்பத்தைந்து. அதற்கும் கீழே போனால் அது மனு இல்லை, யோகாசனம். ஒரு கை பிடரியைத் தடவ வேண்டும். கண் சிரிக்கும் முன்னால் வாய் சிரித்துவிட வேண்டும். குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வர வேண்டும். “சார்... கொஞ்சம்...” என்று அவர் ஆரம்பித்தால் மொத்த கேண்டீனும் மீதியைச் சேர்ந்து பாடும்: “பாத்துப் பண்ணுங்க சார்!”

கைதட்டல் மேசைகளைக் குலுக்கும். வாழ்நாளில் சொல்லாதவர் கணக்கு அதனால் கெடவில்லை. அந்த வார்த்தையை அவர் எப்போதும் மற்றவர்கள் வாயில்தான் போட்டார். ஏழு பத்து ரயிலின் டிக்கெட் பரிசோதகர் அந்தக் கச்சேரியின் முதல் வரிசை ரசிகர். கறுப்புக் கோட்டில் நடுப் பட்டன் இல்லாதவர். சிரித்தே அறுத்துக்கொண்டார் என்பார்கள். “அந்த லைன்மேன் வந்தாரே, பொண்டாட்டிக்காக. அதைப் பண்ணுங்க ஸ்கேல்” என்று கேட்பார். ஸ்கேல் பண்ணுவார். அச்சு அசலாக இருக்கும்.

இந்த நிலையில்தான் அக்காவுக்கு நோய் வந்தது.

ஸ்கேலுக்கு இருந்த ஒரே உறவு அந்த அக்கா. ஒன்பது வயது மூத்தவர். அவர் கணவர், அதாவது ஸ்கேலின் அத்தான், ஊருக்கு வெளியே ரயில்வே கேட்டில் கேட் கீப்பர். மார்பில் கட்டி என்றார்கள், வெட்டி எடுத்தார்கள், இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை வந்து மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். முதல் இரண்டு தடவையும் மனுக்கள் குறைவு. அத்தான் மனு போட்டார், படுக்கை கிடைத்தது, அக்கா படுத்தபடியே போய் வந்தார். முடியெல்லாம் கொட்டிப்போய்த் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, “இனிமே பேன் தொல்லை இல்லடா” என்று தம்பியிடம் சிரித்தார்.

மூன்றாவது தடவைக்கான மனு காலை பத்து ஐந்துக்கு, அன்றைய முதல் மனுவாக, மரத் தட்டில் விழுந்தது. அத்தான் இரவுப் பணி முடிந்து அப்படியே வந்திருந்தார். “வரேன் மச்சான்” என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. சொந்தக்காரர் என்று காட்டிக்கொண்டால் மச்சானுக்குப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். ஸ்கேல் மூலையில் 10.05 என்று எழுதினார்.

பன்னிரண்டு மணிக்குத் தட்டில் ஐந்து மனுக்கள் இருந்தன. படுக்கை நான்கு. விதிப்படி பார்த்தால் ஒரு சிக்கலும் இல்லை. அக்கா முதலில், கடைசியாக வந்த ஒர்க்‌ஷாப் ஃபிட்டரின் அம்மாவுக்கு இடமில்லை. ஃபிட்டர் வெளியே நடையில்தான் நின்றிருந்தார். கதவிடுக்கில் அவருடைய சட்டைக் கையும் அதில் பாதி எக்ஸ்ரே உறையும் தெரிந்தன. அந்தச் சட்டைக் கை நாளைக்குக் கேண்டீனுக்கு வரும். ‘வரிசை வரிசைம்பாரு, கடைசில சொந்த அக்காவுக்குத்தானே போட்டுக்கிட்டாரு’ என்று பேசும். பதினேழு வருடம் வளையாத முதுகு ஒரே டீயில் வளைந்துபோகும்.

ஸ்கேல் அக்காவின் மனுவை அடியில் வைத்தார். வைத்துவிட்டு அடுக்கைத் தட்டி ஓரம் சமமாக்கினார்.

டைப்பிஸ்ட் அடிக்க ஆரம்பித்து, நிறுத்தினார். “சார், பத்து அஞ்சுக்கு வந்தது எப்படி அஞ்சாவதா போச்சு?”

“அது எங்க அக்கா மேடம்.”

“அதான் தெரியுமே. அக்கான்னா கடைசியா?”

“நாலு பேர் நாக்கு மேல பல்லு போட்டுப் பேசக் கூடாது பாருங்க.”

“பேசுறவங்க படுத்தா போறாங்க, ரயில்ல? அக்காதானே போறாங்க.” டைப்பிஸ்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நேரப்படி அடுக்குறதுதான் நேர்மை சார். இது வேற ஏதோ. இதுக்குப் பேரு எனக்குத் தெரியல.”

“வெயிட்டிங் லிஸ்ட்ல ரெண்டாவது இருக்கு. எப்படியும் கிடைச்சிடும். நீங்க அடிங்க.”

அடித்தார். பட்டியல் மேலே போனது. இதோடு விட்டிருந்தால்கூட ஸ்கேலை ஓரளவு மன்னிக்கலாம். ஆனால் தியாகம் செய்தவருக்கு அதை யாராவது பார்த்தார்களா என்ற கவலை வந்துவிட்டது. ஒரு ஸ்டேப்ளர் கேட்கிற சாக்கில் மூன்றாம் மாடிக்குப் போனார். ஸ்டேப்ளரை வாங்கிக்கொண்டு, “இன்னிக்கி லிஸ்ட்ல ஒரு பேரு விட்டுப்போச்சு சார். எங்க அக்காதான். பரவாயில்ல” என்றார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். மணியடித்து ஆட்களைக் கூப்பிட்டார். “இவரைப் பாருங்கய்யா. சொந்த அக்காவையே கடைசில போட்டிருக்காரு. மனுஷன்னா இவரு மனுஷன்!” நான்கு மணிக் கேண்டீனில் அன்று மிமிக்ரி நடக்கவில்லை; பாராட்டு விழா நடந்தது. யாரோ வடிகட்டாத டீயை அவருக்கென்று தனியாக வடிகட்டிக் கொடுத்தார்கள். அது எப்போதையும் விட ருசியாக இருந்தது என்பதைப் பின்னால் ஸ்கேலால் மறக்க முடியவில்லை.

வெயிட்டிங் லிஸ்ட் இரண்டு, படுக்கையாக மாறவில்லை. உட்கார மட்டும் இடம் என்று வந்தது. அக்காவும் அத்தானும் எதிரெதிரே, முழங்கால் இடிக்க, பதினோரு மணி நேரம் உட்கார்ந்து போனார்கள்.

மறுநாள் அக்காவே போன் செய்தார். “ஜன்னலோரம்டா. காத்து என்னமா வந்துச்சு தெரியுமா? லேசா காய்ச்சல் இருக்காம், ரத்த அணு கம்மியாம். மருந்து இன்னிக்கி ஏத்த மாட்டாங்களாம். பத்து நாள் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க. அது கெடக்கட்டும், சாப்ட்டியா?”

“படுக்கை கிடைக்கலியேக்கா.”

“அதுக்கு நீ என்னடா பண்ணுவ? எங்களைவிட முடியாதவங்க நாலு பேர் இருந்திருப்பாங்க. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? பக்கத்து சீட்டு அம்மாகிட்டகூடச் சொன்னேன், என் தம்பிதான் இதுக்கு இன்சார்ஜு, ஒரு நூல் பிசக மாட்டான்னு.”

ஸ்கேல் போனை வைத்தார். காய்ச்சல் யாருக்கும் வரும். படுத்துப் போனவர்களுக்கும் வரும். ரத்த அணு குறைவதற்கும் முழங்கால் இடிப்பதற்கும் சம்பந்தம் இருப்பதாக எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கவில்லை. இவையெல்லாம் நல்ல வாதங்கள். ஒவ்வொன்றையும் அவர் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அந்த ரயிலின் பயணக் கணக்குத் தாள் மேசைக்கு வந்தது. யார் வந்தார், யார் வரவில்லை என்று பரிசோதகர் எழுதி அனுப்புவது. சிகிச்சை ஒதுக்கீட்டில் நான்காவது படுக்கை, கீழ்ப் படுக்கை, ஃபிட்டரின் அம்மாவுக்குக் கொடுத்தது. எதிரே சிவப்பு மையில்: ‘வரவில்லை’. டாக்டர் தேதியை மாற்றிவிட்டாராம். காலியான படுக்கையைப் பரிசோதகர் விதிப்படி, உட்கார்ந்து வந்தவர்களின் வரிசையில் முதலில் இருந்தவருக்குக் கொடுத்திருந்தார். வரிசையில் இரண்டாவது பெயர் அக்காவுடையது.

ஸ்கேல் வழக்கப்படி ஸ்கேலை எடுத்தார். கோடு போடாமல் வைத்துவிட்டார். அன்று நான்கு மணிக்குக் கேண்டீன் பக்கம் போகவில்லை. “லைன்மேன் ஐட்டம் இல்லாம டீ இறங்கலியே” என்று பரிசோதகர் அறை வரைக்கும் வந்து கூப்பிட்டார். தலைவலி என்றார். அந்த லைன்மேனின் மனைவி என்ன ஆனார் என்று இத்தனை வருடத்தில் தான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பத்தாம் நாள் வந்தது. அன்றைக்கு ஸ்கேல் ஒன்பதரைக்கே அலுவலகம் வந்து தட்டைத் துடைத்துவைத்தார். இந்தத் தடவை நேரப்படிதான். அக்காவாக இருந்தாலும் நேரப்படி, அதிகாரியின் மாமனாராக இருந்தாலும் நேரப்படி. பத்து மணி. பத்தரை. மூன்று மனுக்கள் வந்தன. அக்காவுடையது வரவில்லை. பதினொன்றே காலுக்கு அத்தானுக்குப் போன் செய்தார்.

“மனு எங்க அத்தான்?”

“போடல மச்சான்.” பின்னால் கேட் மணி அடிக்கும் சத்தம். “உங்க அக்கா வேணாம்னுட்டா. டிக்கெட் எடுத்திருக்கு, வந்தது வரட்டும்னுட்டா. ‘நாம போடறதால அவனுக்கு ஆபீஸ்ல சங்கடம். நாமளே ஒதுங்கிக்கலாம்’னா.”

“ஃபாரம் வீட்ல இருக்கா?”

“என் பையிலதான் கெடக்கு. நான் ரெண்டு மணி வரைக்கும் டூட்டி. கேட்டை விட்டு நகர முடியாதே.”

“அங்கயே இருங்க, வரேன்.”

ஸ்கேல் படியில் இரண்டிரண்டாக இறங்கியதை முதல் மாடிக்காரர்கள் பார்த்து, கட்டடத்தில் தீ என்று நினைத்தார்கள். காவலாளியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு மிதித்தார். கேட் நாலு கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தபோது பதினொன்று முப்பத்தைந்து. கேட் மூடியிருந்தது. அத்தானின் அறை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். ரயில் இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டு பேர் கேட்டின் குறுக்குக் கட்டைக்கு அடியில் குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள். அத்தான் அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்கேல் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கட்டையில் கை வைத்தார். முதுகை வளைக்கத் தயாராகத்தான் இருந்தார்.

“மச்சான்!” என்று அத்தான் பச்சைக் கொடியை நீட்டிக் கத்தினார். “குனியாதீங்க! என் கண்ணு முன்னாடி என் மச்சானே குனிஞ்சு வந்தா நாளைக்கி எவனை நான் தடுப்பேன்?”

அந்தக் குரலில் இருந்த நியாயம் ஸ்கேலுக்கு மிகவும் பழக்கமானது. கட்டையிலிருந்து கையை எடுத்தார். சரக்கு ரயில் வந்தது. அவசரமே இல்லாத ரயில். ஐம்பத்தெட்டு பெட்டிகள், ஒவ்வொன்றையும் எண்ணினார். அந்தப் பக்கம் அத்தான், பெட்டிகளின் இடைவெளியில், ஒரு நொடி தெரிந்து ஒரு நொடி மறைந்தார். கொடியை நேராகப் பிடித்து நின்றிருந்தார்.

கட்டை ஏறியதும் ஓடினார். அத்தான் ஜன்னல் விளிம்பில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். நகல்களைத் தேடி எடுத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: “போன தடவை அவளுக்குக் கால் ரெண்டும் இப்படி வீங்கிடுச்சு மச்சான். செருப்பு நுழையல. கையில தூக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குள்ள போனா. டாக்டரு கேட்டாரு, எப்படிம்மா வந்தீங்க, படுத்துட்டு வந்தீங்களான்னு. ஆமா டாக்டர், நல்லா தூங்கிட்டே வந்தேன்னுட்டா.”

“ஏன் அப்படிச் சொன்னாங்க?”

“உங்க ஆபீஸைப் பத்தி அந்த ஆளு ஏதாச்சும் சொல்லிடுவாருன்னுதான்.” அத்தான் பின்னைக் குத்தித் தாளைக் கொடுத்தார். “பத்து அஞ்சுக்கு வந்தேன்ல அன்னிக்கி? எனக்கு முன்னாடியே நாலு பேர் வந்துட்டாங்களா?”

கேட்டது குத்திக் காட்டுவதற்காக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “நேரமாச்சு அத்தான்” என்று ஸ்கேல் சைக்கிளில் ஏறினார்.

அறைக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு ஏழு காட்டியது. தட்டு காலியாக இருந்தது.

“போயிடுச்சு சார்” என்றார் டைப்பிஸ்ட். “மூணு பேர். நீங்க சொன்ன மாதிரியே பன்னெண்டுக்கு. நான் வாசல் வரைக்கும் நாலு தடவை எட்டிப் பாத்தேன். போன் பண்ணேன், நீங்க எடுக்கல.” ஸ்கேலின் கையில் இருந்த மனுவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “மேல போய்க் கேளுங்க சார். ஒரு படுக்கை மிச்சம் இருக்கு. கேட்டாத் தருவாரு. உங்களுக்குத் தராமயா?”

ஸ்கேல் மூன்றாம் மாடிக்குப் போனார். அதிகாரி போனில் இருந்தார். “இருக்குய்யா, ஒண்ணு மிச்சம் இருக்கு. உன் மச்சினனுக்குத்தானே? போட்டுடறேன்” என்று வைத்தார். ஸ்கேலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாங்க வாங்க. நீங்க சீட்ல இல்லாமயே பன்னெண்டுக்கு டாண்ணு லிஸ்ட் வருது பாருங்க! இதுதான்யா சிஸ்டம். என்ன விஷயம்?”

மனு முதுகுக்குப் பின்னால் கையில் இருந்தது. வாயைத் திறந்தார். எத்தனையோ பேர் தன் எதிரே நின்று அந்த மூன்று சொற்களைச் சொன்னதுண்டு. அவர்கள் எந்தத் தசையை எப்படி அசைத்தார்கள் என்பது வரைக்கும் அவருக்கு மனப்பாடம். தனக்கென்று வரும்போது ஒரு தசையும் அசையவில்லை.

“ஸ்டேப்ளர் சார்” என்றார். “திருப்பிக் குடுக்கல. நாளைக்கிக் கொண்டுவரேன்.”

படி இறங்கும்போது, அக்காவை இரண்டாவது தடவையும் கடைசியில் போட்டுவிட்டோம் என்று தெளிவாகத் தெரிந்தது. இந்தத் தடவை அடியில் வைக்க வேண்டிய சிரமம்கூட இல்லை.

மாலை ஆறரைக்கு அவர் பிளாட்ஃபாரத்தில் இருந்தார். விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. அக்கா ஒரு பையின் மேல் உட்கார்ந்து, துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். கால்களில் தன் செருப்பு இல்லை. இந்தத் தடவை அத்தானுடைய பெரிய செருப்பு.

“நீ ஏன்டா வந்த? வீட்டுக்குப் போகல?” என்றவர், தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே, “உட்கார்ற சீட்டு கிடைச்சிடுச்சுடா. போன தடவை மாதிரியே ஜன்னலோரம்” என்றார், ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

“ஒரு நிமிஷம்க்கா” என்று ஸ்கேல் பெட்டி வாசலுக்கு நடந்தார்.

நடுப் பட்டன் இல்லாத கறுப்புக் கோட்டு, கையில் பயணிகள் பட்டியலோடு நின்றிருந்தது. “அடேங்கப்பா! ஸ்கேலு! ஸ்டேஷன் பக்கமெல்லாம் வருவீங்களா?”

ஸ்கேல் அவர் முன்னால் போய் நின்றார். வலது கை தானாகப் பிடரிக்குப் போனது. முதுகு வளைந்தது. “சார்... கொஞ்சம்...”

பரிசோதகர் பக்கத்துப் பெட்டிக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். “பாத்துப் பண்ணுங்க சார்! ஐயோ, அப்படியே இருக்குய்யா! யாரு இது? அந்த லைன்மேனா? எங்கய்யா போயிருந்த இத்தனை நாளா?”

ஸ்கேல் நிமிரவில்லை. கச்சேரியில் இந்த இடத்தில் அவர் சட்டென்று நிமிர்ந்து, கைதட்டலுக்குக் காத்திருப்பார். பரிசோதகரும் அதற்காகத்தான் காத்திருந்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவர் ஸ்கேலின் தலைக்கு மேலாகப் பார்த்தார். பையின் மேல் உட்கார்ந்திருந்த அம்மாளை, தலையில் சுற்றிய துண்டை, அளவில்லாத செருப்பை.

“யாருங்க?” என்றார், வேறு குரலில்.

“எங்க அக்கா.”

பரிசோதகர் பட்டியலைப் புரட்டினார். தேவைக்கு அதிகமாகவே புரட்டினார். “ஒரு கீழ்ப் படுக்கை காலி இருக்கு. பொது அவசரத்துல யாரோ அதிகாரி மச்சினன். வரலைன்னு இப்பதான் போன் வந்துச்சு.” அவர் பேனாவால் ஒரு பெயரைத் தொட்டார். “ஆனா வரிசையில முதல்ல பதினோராம் சீட்டுக்காரர் இருக்காரு, அடுத்துதான் உங்க அக்கா. அவரைத் தாண்டி நான் தர முடியாது, உங்களுக்கே தெரியும். அவரா விட்டுக்குடுத்தா எழுதிடறேன். அதை நீங்கதான் கேக்கணும்.”

பதினோராம் இருக்கையில் பருமனான ஒரு மனிதர், ஷூவைக் கழற்றிவிட்டு, காற்றுத் தலையணை ஒன்றை ஊதிக்கொண்டிருந்தார். பாதி ஊதியிருந்தார். ஸ்கேல் நடைபாதையில் அவர் பக்கத்தில் போய் நின்று வளைந்தார். எத்தனை டிகிரி என்று அளக்கத் தெரிந்த ஒரே மனிதர் அந்தப் பெட்டியில் அவர்தான்; அவருக்கு அது தோன்றவில்லை.

“உங்களுக்கு இப்ப ஒரு படுக்கை தருவாங்க சார். அது உங்களுக்குத்தான், நியாயமா உங்களுக்குத்தான். அதை எங்க அக்காவுக்கு விட்டுக்குடுப்பீங்களான்னு கேக்க வந்தேன். நாளைக்கிக் காலைல அவங்களுக்கு மருந்து ஏத்தணும். போன தடவையும் உட்கார்ந்துதான் போனாங்க. அது என்னாலதான் சார்.”

அந்த மனிதர் தலையணையிலிருந்து வாயை எடுக்காமல் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பார்த்துவிட்டு வாயை எடுத்தார். “கேன்சரா?”

“ஆமா சார்.”

“குடுத்துடுங்க. நான் எங்க உட்கார்ந்தாலும் தூங்கிடுவேன். என் பொண்டாட்டியைக் கேளுங்க.” அவர் விரலால் தலையணையின் வாயை அடைத்துக்கொண்டார். “அதுக்கு ஏன் சார் இப்படிக் குனியறீங்க? நிமிருங்க.”

ஸ்கேல் நிமிரவில்லை. வாசலில் பரிசோதகர் எழுதிக்கொண்டிருந்தது தெரிந்தது. அத்தான் அக்காவைக் கைத்தாங்கலாகப் படியேற்றிக்கொண்டிருந்தார். பெரிய செருப்பு படியில் டப் டப்பென்று அடித்தது. கேட்டது கிடைத்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டு இறங்க வேண்டியதுதான். ஆனால் அவர் கண் பாதி ஊதிய அந்தத் தலையணையிலேயே நின்றது. காலுக்கு அடியில் வைத்தால் வீக்கம் கொஞ்சம் மட்டுப்படும்.

“சார்,” என்றார் மறுபடியும். கை பிடரியிலேயே இருந்தது. “அந்தத் தலையணையும்... கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க.”